தோட்டாவின் எண்ணைப் படிப்போம்: பொருத்தம், பாதுகாப்பு, சாட்சியம்

'7.62 ரகத் துப்பாக்கியால் சுடப்பட்டார்' என்று ஒரு முதல் தகவல் அறிக்கையோ நாளிதழோ சொல்லுமானால், நமக்குக் கிடைத்திருப்பது பாதிச் செய்தி மட்டுமே. அந்த ஓர் எண்ணுக்குள் இந்தியாவில் புழங்கும் மூன்று வேறுபட்ட தோட்டாக்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்றைச் சுடும் துப்பாக்கியில் மற்றொன்று இயங்காது. எனவே சுட்டது எந்தத் துப்பாக்கி, அது யாருடைய பொறுப்பில் இருந்தது, யாருக்கு எத்தனை தோட்டாக்கள் வழங்கப்பட்டன என்ற கேள்விகளுக்கு அந்த எண் மட்டும் விடை தராது.

துப்பாக்கிச் சூட்டில் நம் மக்கள் கொல்லப்படும்போது அறிக்கை எழுதுகிறோம், மறியல் செய்கிறோம், வழக்குத் தொடுக்கிறோம். ஆனால் தடய அறிவியல் அறிக்கை கைக்கு வந்ததும், அது நிபுணர்களின் உலகம் என்று ஒதுக்கிவைத்துவிடுகிறோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை ஒதுக்கிவைப்பதில்லை. அந்த அறிக்கையில் உள்ள இரண்டு எண்களுக்கு இடையிலான முரணை வைத்தே சந்தேகத்தின் பலனைக் கேட்கிறார். ஆகவே எந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கியில் பொருந்தும், பொருந்துவது போலத் தோன்றி எது ஆளைக் கொல்லும் என்ற அடிப்படை அறிவு செயற்பாட்டாளர்களுக்கும் சட்ட மாணவர்களுக்கும் தேவை. அதை இங்கே முடிந்தவரை எளிமையாக விளக்க முயல்கிறோம்.

தோட்டா என்பது என்ன?

பேச்சு வழக்கில் 'தோட்டா', 'குண்டு', 'ரவை' என்ற சொற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். வழக்கில் இவற்றைப் பிரித்தாக வேண்டும். தோட்டா என்பது முழுப் பொருள். அதற்கு நான்கு பகுதிகள் உண்டு: வெளியே இருக்கும் உலோக உறை, அதன் அடியில் பதிக்கப்பட்ட, அடித்தால் பொறி கிளப்பும் சிறு மூடியான பிரைமர், உள்ளே நிரப்பப்பட்ட வெடிமருந்து, முனையில் செருகப்பட்ட குண்டு. விசையை இழுக்கும்போது ஊசி பிரைமரைக் குத்துகிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. குண்டு போய்விடுகிறது, காலி உறை மட்டும் எஞ்சுகிறது. சிறு ஈய உருண்டைகள் பல நிரம்பிய தோட்டாவாக இருந்தால் அந்த உருண்டைகளையே ரவை என்கிறோம்.

தோட்டா உட்காரும் இடம் அறை. அறைக்கு முன்னால் நீள்வது குழல். ரைபிளின் குழலுக்குள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து நேராகப் பறக்க வைக்கின்றன. குண்டின் மேல் தம் கீறல்களையும் பதிக்கின்றன. அந்தக் கீறல்கள்தான் நீதிமன்றத்தில் பேசும் சாட்சி.

தோட்டாவின் பெயரில் பொதுவாக இரண்டு அளவுகள் இருக்கும். முதலாவது குழல் விட்டம். இரண்டாவது உறையின் நீளம். 7.62×51 என்றால் 7.62 மி.மீ. விட்டம், 51 மி.மீ. நீள உறை. செய்தித்தாள்களும் மகஜர்களும் பெரும்பாலும் முதல் எண்ணை எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே எண், வேறு தோட்டா

காவல்துறை நெடுங்காலம் பயன்படுத்திவரும் எஸ்.எல்.ஆர். ரைபிள் 7.62×51 தோட்டாவைச் சுடுகிறது. ஏ.கே. 47 சுடுவது 7.62×39. ராணுவத்தின் டிராகுனோவ் குறிவைப்பு ரைபிள் சுடுவது, அடியில் விளிம்பு கொண்ட 7.62×54. மூன்றும் '7.62' தான். ஆனால் உறையின் நீளமும் அடிப்பகுதியின் அமைப்பும் வேறு. குழலில் பதியும் கீறல்களும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஏ.கே. வகைக் குழலில் வலப்பக்கம் சுழலும் நான்கு பள்ளங்கள் இருக்கும். பழைய .303 லீ என்ஃபீல்டில் பெரும்பாலும் இடப்பக்கம் சுழலும் ஐந்து பள்ளங்கள் இருக்கும். எனவே நசுங்கிய ஒரு குண்டுகூட, முறையாகப் பாதுகாக்கப்பட்டால், தான் எந்த வகைக் குழலிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடும்.

இதே குழப்பம் தலைகீழாகவும் நிகழ்கிறது: வேறு எண்கள், ஆனால் ஒரே தோட்டா. வட இந்தியக் கொலை வழக்குகளில் அடிக்கடி வருவது .315 போர். இது அங்குலக் கணக்கு. .315 அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கினால் 8 மி.மீ. வருகிறது. இந்திய அரசின் கிர்க்கி ஆலையில் செய்யப்பட்ட இந்தத் தோட்டாவின் அடியில் '8 எம்.எம். கே.எஃப்.' என்று பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே மகஜரில் '.315 காலித் தோட்டா' என்றும், ஆய்வக அறிக்கையில் '8 எம்.எம். தோட்டா' என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றே. இது தெரியாத அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் தடுமாறுவார். கைப்பற்றப்பட்டது ஒன்று, ஆய்வுக்கு அனுப்பப்பட்டது வேறொன்று என்ற தோற்றத்தை உருவாக்க எதிர்த்தரப்புக்கு அந்தத் தடுமாற்றமே போதும்.

ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளின் 'போர்' கணக்கு முற்றிலும் வேறு. ஒரு பவுண்டு ஈயத்திலிருந்து எத்தனை சம உருண்டைகள் வார்க்கலாம் என்பதே அந்த எண். 12 உருண்டைகள் வார்த்தால் ஒவ்வொன்றின் விட்டமும் 12 போர்க் குழலின் விட்டம். அது ஏறத்தாழ 18.5 மி.மீ. 20 உருண்டைகள் வார்த்தால் ஒவ்வொன்றும் சிறுத்து 15.6 மி.மீ. ஆகிறது. எனவே இங்கே எண் கூடினால் குழல் சிறுக்கும். இந்த ஒரு செய்தியை அறியாமல் குண்டுக்காயம் பற்றிய அறிக்கையைப் படித்தால் எல்லாம் தலைகீழாகத் தோன்றும்.

ஒரே அளவு, வேறு அழுத்தம்

வெளி அளவில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் தோட்டாக்களும் உண்டு. ஆபத்து அதிகம் மறைந்திருப்பது இங்கேதான்.

ராணுவத்தின் 5.56×45 தோட்டாவும், அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கப்படும் .223 ரெமிங்டன் தோட்டாவும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். நமது இன்சாஸ் ரைபிள் சுடுவது இந்த 5.56 ஐத்தான். இரண்டு தோட்டாக்களும் ஒன்றின் அறையில் மற்றொன்று சிரமமின்றி உட்காரும். வேறுபாடு அறைக்கு முன்னால் இருக்கிறது. குண்டு உறையிலிருந்து கிளம்பிப் பள்ளங்களைத் தொடுவதற்குள் ஒரு சிறு வெற்றிடத்தைக் கடக்கிறது. 5.56 க்கான அறையில் அந்த இடைவெளி சற்று நீளம்; .223 க்கான அறையில் குறைவு. குறைந்த இடைவெளி உள்ள துப்பாக்கியில் ராணுவத் தோட்டாவைச் சுட்டால், குண்டு பள்ளத்தில் முன்கூட்டியே முட்டி நிற்க, பின்னால் அழுத்தம் ஏறுகிறது. ஆகவே 5.56 துப்பாக்கியில் .223 தோட்டாவைச் சுடலாம்; .223 துப்பாக்கியில் 5.56 தோட்டாவைச் சுடக்கூடாது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர நிர்ணய அமைப்பான சாமி வெளியிட்டுள்ள ஆபத்தான சேர்க்கைகளின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

7.62×51 தோட்டாவுக்கும் இப்படி ஓர் இரட்டை உண்டு: .308 வின்செஸ்டர். இங்கே எச்சரிக்கை எதிர்த்திசையில் வருகிறது. ராணுவத் துப்பாக்கியின் அறை, சேறும் தூசியும் படிந்தாலும் இயங்க வேண்டும் என்பதற்காகச் சற்றுத் தளர்வாகவும் நீளமாகவும் வெட்டப்படுகிறது. அதற்கேற்ப ராணுவ உறையும் தடிமனாக இருக்கும். பொதுச் சந்தையின் .308 உறை சற்று மெல்லியது. நல்ல நிலையில் உள்ள துப்பாக்கியில் பெரும்பாலும் சிக்கல் எழாது. தேய்ந்த பழைய துப்பாக்கியிலோ, உறை நீண்டு நடுவில் பிளந்து, சுடுபவர் முகத்தை நோக்கி வாயு பின்னால் பீறிடக்கூடும்.

'அழுத்தம்' என்ற சொல்லின் கனத்தை உணர ஒரு கணக்கு போதும். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்குச் சற்று மேல் காற்று அடிக்கிறோம். 12 போர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சுமார் 11,500 பவுண்டு. .303 க்கு 49,000. .308 க்கு 62,000. கண்ணுக்குச் சிறு வேறுபாடாகத் தெரிவது உலோகத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு வேறுபாடு. இந்திய அரசின் இச்சாப்பூர் ஆலை 1960 களில் .303 வடிவத்திலேயே 7.62 ரைபிளைச் செய்தபோது, இந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க மேம்பட்ட எஃகைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் அந்த 2ஏ1 ரைபிள் பழைய .303 போலவே தோன்றும். 'காவலர் .303 வைத்திருந்தார்' என்று சொன்ன நேரடிச் சாட்சி, 7.62 குண்டு கிடைத்ததால் மட்டுமே பொய் சொன்னவர் ஆகிவிடமாட்டார்.

குழாயை வெட்டிச் செய்யும் கள்ளத் துப்பாக்கிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழாய் எந்த அழுத்தத்துக்கும் சோதிக்கப்பட்டதில்லை. தோட்டா அதில் நுழைகிறது என்பது மட்டுமே அதன் தகுதி. அது எதிரே நிற்பவரைப் போலவே பிடித்திருப்பவரின் கையையும் கண்ணையும் பறிக்கக் கூடியது.

சிறியது பெரியதற்குள் நுழைந்தால்

20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் துப்பாக்கியில் போட்டால் அது அறையில் நிற்காது. வழுக்கிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். 'போடவில்லை போலும்' என்று எண்ணி ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் அடைத்திருக்கும் தோட்டாவில் மோதிக் குழலே வெடிக்கும். இடக்கை குழலைத் தாங்கியிருக்கும் இடத்தில்தான் அது வெடிக்கிறது. இந்த விபத்தைத் தவிர்க்கவே 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கப்படுகிறது. வங்கி வாசலிலும் கிடங்கு வாசலிலும் இரட்டைக்குழல் துப்பாக்கியுடன் நிற்கும் ஒப்பந்தக் காவலாளிகளுக்கு இந்த மஞ்சள் நிறத்தின் பொருளை யாரேனும் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்பது தொழிற்சங்கங்களின் வேலையும்கூட.

தேசிய மாணவர் படையில் .22 ரைபிளைத் தொட்ட மாணவர்களுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. .22 லாங் ரைபிளும் .22 மேக்னமும் ஒரே எண்ணைச் சுமந்தாலும், மேக்னத்தின் உறை அகலமானது. லாங் ரைபிள் தோட்டாவை மேக்னம் அறையில் போட்டால் அது உள்ளே போகும். சுட்டால் உறை உப்பிக் கிழியும்.

இத்தகைய பொருந்தாச் சூடு சாட்சியத்தையும் அழிக்கிறது. குழலைவிடச் சிறிய குண்டு பள்ளங்களைச் சரியாகப் பற்றாது. அதில் தெளிவான கீறல்கள் விழா. அது சுழலாமல் புரண்டு பறந்து, பக்கவாட்டில் பட்டு, நீள்துளையாகக் காயம் ஏற்படுத்தலாம். பள்ளமே இல்லாத கள்ளத் துப்பாக்கியிலும் குண்டு நிபுணருக்கு அதிகம் சொல்லாது. அப்போது பேசக்கூடியது காலி உறைதான். ஊசி குத்திய குழியின் வடிவம், அறையின் பின்சுவர் பதித்த தடம், உறை உப்பிய அல்லது பிளந்த விதம் ஆகியவை துப்பாக்கியை அடையாளம் காட்டும். சம்பவ இடத்தில் மிதிபடும் அந்தச் சிறு பித்தளைத் துண்டு, உடலில் கிடைக்கும் குண்டைவிட முக்கியமாகும் வழக்குகள் உண்டு.

பொருத்தம் என்பது ஆட்சியின் கவலை

எந்தத் தோட்டா எதில் பொருந்தும் என்ற கேள்வியை இந்தியாவில் முதலில் கேட்டது பாதுகாப்பு ஆர்வலர்கள் அல்லர், காலனி ஆட்சியாளர்கள். 1857 க்குப் பிறகு குடிமக்களின் கையில் உள்ள துப்பாக்கி ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடாது என்பதில் அவர்கள் குறியாக இருந்தார்கள். 1907 இல் .450 விட்டத் தோட்டாக்கள் இந்தியாவுக்குள் வருவது தடுக்கப்பட்டது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவ ரைபிள்களுக்கு அவை பயன்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம். வேட்டைத் துப்பாக்கி செய்த ஆங்கிலேய நிறுவனங்கள் .470 போன்ற புதிய அளவுகளைக் கொண்டுவந்ததற்கு இந்தத் தடையே தூண்டுதல். காவலர்களை முழுமையாக நம்பவும் அந்த ஆட்சி தயாராக இல்லை. .303 ரைபிள்களின் குழலைக் குடைந்து, பள்ளங்களை நீக்கி, தோட்டாப் பெட்டியை மரக்கட்டையால் அடைத்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் சுடும் .410 மஸ்கட்டுகளாக மாற்றிக் கொடுத்தது.

விடுதலைக்குப் பின்னும் இந்தத் தர்க்கம் மாறவில்லை. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 1962 ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணை, .303 அல்லது 7.62 ரைபிள்களை மட்டும் கட்டுப்படுத்தி நிற்கவில்லை. அந்தப் படைத் தோட்டாக்களை ஏற்றிச் சுடக்கூடிய வேறு எந்த விட்டத் துப்பாக்கியையும் அதே வகையில் சேர்த்தது. தடைசெய்யப்பட்ட போர், தடைசெய்யப்படாத போர் என்று இன்றும் உரிமங்களில் நாம் காணும் பிரிவின் வேர் இதுவே. குடிமகனின் .315 ரைபிள் இந்த வேலியின் வெளிப்பக்கம் நிற்கும் துப்பாக்கி.

வேலியின் எந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்பதில் சாதியும் இருந்தது. 1890 களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினர். 'போர்க்குடிகள்' என்று ஆட்சி முத்திரை குத்திய சாதிகளுக்குப் படையின் கதவு திறந்தே இருந்தது. குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் உரிமம் பெறுவதிலிருந்து இன்றும் விலக்கு உண்டு. ஒன்றிய அரசு 2019 இல் அதை 2029 வரை நீட்டித்தது. பிறப்பும் நிலமும் துப்பாக்கிக்குத் தகுதியாகும் நாட்டில், நிலமற்றவர் துப்பாக்கியின் எதிர் முனையிலேயே நின்றிருக்கிறார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு வந்த நிலவுடைமையாளர் கூட்டத்திடம் துப்பாக்கிகள் இருந்தன. 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர்.

நீதிமன்றத்தில் எண்களின் எடை

1997 டிசம்பர் 1 இரவு, பீகாரின் லட்சுமண்பூர் பாதேவில் ரண்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. கொல்லப்பட்டோரில் பெரும்பாலோர் தலித்துகள். விசாரணை நீதிமன்றம் 2010 இல் 26 பேருக்குத் தண்டனை விதித்தது. 2013 அக்டோபரில் பாட்னா உயர்நீதிமன்றம், சாட்சியங்கள் நம்பத்தக்கனவாக இல்லை என்று அனைவரையும் விடுவித்தது. இருட்டில், வைக்கோலுக்கும் சுவருக்கும் பின்னால் ஒளிந்து உயிர் தப்பியவர்களின் கண்களை மட்டும் நம்பி ஒரு வழக்கு நிற்கும்போது, அந்தக் கண்களைச் சந்தேகிப்பது எளிது. கண்ணுக்குத் துணை நிற்க வேண்டியது பொருள் சாட்சியம்.

சுட்டது காவல்துறையா, தனிநபரா என்ற கேள்வி எழும் இடங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பை எதிர்த்து 2018 ஏப்ரல் 2 அன்று நடந்த முழு அடைப்பின்போது, குவாலியரில் ஒருவர் கைத்துப்பாக்கியால் சுடும் காட்சி காணொளியாகப் பரவியது. காணொளி எப்போதும் கிடைக்காது. குண்டும் உறையும் சரியாகக் கைப்பற்றப்பட்டிருந்தால் அவையே அந்தக் கேள்விக்கு விடை சொல்லும்.

இதற்கான சட்டக் கருவிகள் நம் கையில் உள்ளன. மோதல் சாவுகள் குறித்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் வகுத்த 16 வழிகாட்டுதல்களில், சம்பந்தப்பட்ட காவல் அதிகாரிகள் தம் ஆயுதங்களைத் தடய ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதும் ஒன்று. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து சான்றுகளைத் திரட்டி அதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(4) பிரிவு, ஆவணங்களையும் பொருள்களையும் சாட்சிகளையும் வரவழைக்கச் சிறப்பு நீதிமன்றத்தை நாடும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கே தருகிறது. அரசு வழக்கறிஞரின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த உரிமையைக் கொண்டு நாம் கேட்க வேண்டியவை இவை. மகஜரில் தோட்டாவின் முழுப் பெயர் உள்ளதா, அடியில் பொறித்த எழுத்துகள் அப்படியே எழுதப்பட்டுள்ளனவா? குண்டு, உறை, உயிருள்ள தோட்டா ஆகியவை தனித்தனியாக எண்ணிட்டு முத்திரையிடப்பட்டனவா? ஆயுதக் கிடங்குப் பதிவேட்டில் அன்று எந்தத் துப்பாக்கி யாருக்கு, எத்தனை தோட்டாக்களுடன் வழங்கப்பட்டது, எத்தனை திரும்பின? உடற்கூறாய்வுக்கு முன் ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட்டதா? தோல் விரிந்து சுருங்கும் தன்மை கொண்டது. ஆகவே காயத்தின் துளை அளவை வைத்தே குண்டின் விட்டத்தை முடிவு செய்த அறிக்கையைக் கேள்வி கேட்க வேண்டும். ஆய்வகம் சோதனைச் சூடு நடத்தியபோது அதே வகைத் தோட்டாவைப் பயன்படுத்தியதா என்பதும் கேட்கத்தக்கதே.

உறங்கும் மூன்றாம் விதி

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 இன் மூன்றாம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்கிறது. அப்பகுதிகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைக் கைப்பற்றி, அவற்றின் தயாரிப்பைத் தடுக்க வேண்டும். தேவை எனக் கருதினால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம் என்றும் கூறுகிறது.

இவற்றில் கடைசி வரியே மேடைகளில் அதிகம் கைதட்டல் பெறுகிறது. நாம் முதலில் கேட்பது மற்ற இரண்டையும். ஒரு சேரிக்குப் பத்துத் துப்பாக்கி கொடுப்பதைவிட, எதிரே உள்ள ஊரின் பத்துத் துப்பாக்கிகளைக் கிடங்குக்குக் கொண்டுபோவது அதிக உயிர்களைக் காக்கும். வீட்டில் உள்ள துப்பாக்கி எதிரியைவிட அவ்வீட்டுக் குழந்தைக்கே அருகில் இருக்கிறது என்பதையும் மறக்க முடியாது. எனவே அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை, அங்கு எந்தெந்தப் போரில் எத்தனை உரிமங்கள் உள்ளன, மூன்றாம் விதியின் கீழ் எத்தனை ரத்தாயின என்ற எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியரிடம் கேளுங்கள். தனிநபர் பெயர்களைக் கேட்கத் தேவையில்லை, எண்களே போதும்.

கையில் எடுக்கும் முன்

போராட்டக் களத்தில் கிடக்கும் தோட்டாவைச் சான்று என்று எண்ணிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளும் வழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். வெடிக்காத தோட்டாவை உரிமமின்றி, தெரிந்தே வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். சாட்சியாக வேண்டியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். தொட்டதால் தடயமும் கெடும், எங்கே கிடந்தது என்பதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுங்கள். சுற்றுப்புறம் தெரிய ஒன்று, அருகில் ஒன்று. ஆள் நிறுத்திக் காவல் காத்து, நிபுணர் குழு வரும்வரை யாரும் மிதிக்காமல் பாருங்கள். தோட்டாவைத் தட்டிப் பார்ப்பதும் நெருப்பில் போடுவதும் உயிர்க்கு ஆபத்து.

தொழிலுக்காகத் துப்பாக்கி ஏந்தும் காவலாளிகளுக்கும் பயிற்சி பெறும் மாணவர்களுக்கும் சில சொற்கள். எந்தத் துப்பாக்கியும் நிரப்பப்பட்டதாகவே கருதுங்கள். சுடக் கருதாத எதன் மீதும் அதன் வாயைத் திருப்பாதீர்கள். குறி தெளிவாகும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்; உள்ளே போகிறது என்பது அனுமதி ஆகாது. சூட்டின் ஒலி வழக்கத்தைவிட மெலிந்திருந்தால் குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம்; அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி அரை நிமிடமேனும் காத்திருந்து பிறகு திறங்கள். சரியான தோட்டாவும் பயிற்சியும் தராமல் வேலையில் நிறுத்தும் முதலாளியிடம் அவற்றைக் கேட்பது தொழிலாளியின் உரிமை.

அடுத்த முறை ஓர் அறிக்கையில் '7.62' என்று மட்டும் எழுதியிருந்தால், 'எந்த 7.62?' என்று கேளுங்கள். விடை வரும்வரை அந்தக் கேள்வியை மனுவாக, எழுத்தில், தேதியுடன் கொடுத்துக்கொண்டே இருங்கள்.